கறி மாடியில் இருக்கிறது

காக்ஸ் டவுன் மாதா கோவிலில் ஞாயிறு பூசைக்கு பைபிள் வாசகம் படித்துவிட்டுப் பசியோடு வீடு திரும்பிய ஜெரோம், ஃப்ரிட்ஜ் கதவில் மனைவி ஸ்டெல்லா ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்தார்.

"என்னங்க, நானும் மாடி வீட்டு ரெஜினாவும் கோவில்ல மரியாயின் சேனை கூட்டத்துக்குப் போறோம். சோறு குக்கர்ல இருக்கு. பன்றிக்கறி மாடியில உங்க தம்பி வீட்டுல. ஸ்கூட்டர் நிறுத்துற இடத்துக்காக அவர்கிட்ட எத்தனை நாளா பேசாம இருக்கீங்க! 'ஒருவரையொருவர் பொறுத்துக்கொள்ளுங்கள், மன்னியுங்கள்'னு இன்னைக்கு மைக்ல படிச்சது யாரு? குரல் ரொம்ப நல்லா இருந்துச்சு.

முட்டையைத் தேடாதீங்க, ஒளிச்சு வெச்சிருக்கேன்.

ஊறுகாயும் மாடியிலதான்."

ஜெரோம் வெறும் சோற்றை ஒரு வாய் போட்டுப் பார்த்தார். தொண்டையில் இறங்கவில்லை. முனகிக்கொண்டே கிண்ணத்தை எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறினார்.

பாதிப் படியில் தம்பி ஃபிராங்க்ளின் எதிரே வந்தான். ஒரு கையில் கறிச்சட்டி, மறு கையில் ஒரு சீட்டு.

"அண்ணா... எங்க வீட்டுல சோறே ஆக்கலை. கீழே இருக்குன்னு ரெஜினா எழுதி வெச்சிருக்கா."

ஜெரோம் முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொள்ளப் பார்த்தார். முடியவில்லை, சிரித்துவிட்டார்.

"சரி வாடா, ஆறிடப் போகுது."