தண்ணீர் ஆறும் வரைக்கும்

இஞ்சாருங்கோ,

உங்களை ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இப்போதும் வாய் வராது. உங்கள் ஆண்டு நினைவுக்குப் பங்குக் கோயில் மலரில் இதைப் போடுகிறார்களாம். எங்கட ஹவுன்ஸ்லோச் சனம் முழுக்க வாசிக்கப்போகுது, கோவிக்காதேங்கோ.

செய்தி இதுதான்: நான் யப்பானுக்குப் போய் வந்துவிட்டேன். தனியாக!

தொலைக்காட்சியில் அந்த ஊர் ஷிசுவோகா தேயிலைத் தோட்டங்களைக் கண்டுவிட்டு நீங்கள் சொன்னது நினைவிருக்கிறதா? "உந்தத் தேயிலை கடலைப் பாத்துக்கொண்டெல்லோ நிக்குது! ஒருக்கா அவசரமில்லாம, ஆறுதலாப் போய்ப் பாக்கவேணுமப்பா." "ஓம் ஓம், முதல்ல ஷிப்டுக்குப் போங்கோ" என்று துரத்திவிட்டேன்.

நீங்கள் போனபிறகு எனக்கு ஓரிடத்தில் இருக்கவே ஏலாமல் போய்விட்டது. விமான நிலையக் கடையில் கிடைத்த ஷிப்ட் எல்லாம் எடுத்தேன். வீட்டில் தேத்தண்ணியும் நின்றபடியேதான். உங்கள் வெறும் கதிரைக்கு எதிரே இருந்து குடிக்க நெஞ்சு விடவில்லை.

மகள் நிரோ புல்லட் ட்ரெயின் பதியத்தான் நின்றாள். "ரெண்டு நாளில எல்லாம் கவர் பண்ணலாமம்மா." எனக்கும் அதுதான் விருப்பம். ஆனால் இது உங்கள் பயணம் அல்லவா? எல்லா ஸ்டேஷனிலும் நிற்கிற ரயிலில் ஏறினேன். பஸ் ஓட்டிக் களைத்த மனிதர், லீவு நாளிலும் இரண்டு தரிப்பு முன்னமே இறங்கி நடப்பீர்களே, அப்படியே நானும் இறங்கி நடந்தேன்.

என்ன வடிவு, அப்பா! படிய வாரின தலைபோல வரிசை வரிசையாய்த் தேயிலை. சரிவு முடிகிற இடத்தில் கடல். குளிர் கொழுந்தைக் கருக்காமல் இருக்கக் கம்பங்களில் காற்றாடி கட்டியிருக்கிறார்கள். தேயிலைக்கு ஃபான்! நீங்கள் கண்டிருந்தால் அதிலேயே ஒரு பகல் போயிருக்கும்.

தங்கிய வீட்டுக்காரிக்கு என் வயதுதான், தோட்டமும் அவளுடையது. கேத்திலோடு வந்து எதிரே இருந்தாள். ஒருத்தி பரிமாற, பார்த்துக்கொண்டிருக்கிற ஆட்களா நாங்கள்? "விடுங்கோ, நான் ஊத்துறன்" என்று தமிழிலேயே சொல்லிப் பறித்து, கொதிக்கக் கொதிக்கப் பச்சைத் தேயிலையில் ஊற்றினேன். கடவுளே, வேப்பெண்ணெய்க் கசப்பு! அவள் ஒரு மிடறு குடித்து, முகம் சுளிக்காமல் மரியாதையாகத் தலை குனிந்தாள். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நானும்தான்.

புது இலை போட்டாள். கொதிநீரை முதலில் வெறும் கோப்பைகளில் ஊற்றிவிட்டு, கையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். ஆவி அடங்கியபிறகுதான் அந்தத் தண்ணீர் இலைக்குப் போனது.

கேத்தில் கொதித்து நின்றபிறகு நீங்களும் இப்படித்தானே யன்னலைப் பார்த்துக்கொண்டு இருப்பீர்கள்? "சாயம் வராதப்பா, ஊத்துங்கோ!" என்று நான் கத்துவேன். "வரும், இரும்" என்பீர்கள். முன்பின் தெரியாத ஒருத்தியின் மேசையில் உங்களைக் கண்டேன். அழுதுவிட்டேன். அவள் கோப்பையை என் பக்கம் நகர்த்தி வைத்தாள். சீனி இல்லாமலே இனித்தது! இந்தப் பொறுமையை நீங்கள் எங்கே படித்தீர்கள்? இத்தனை வருடம் பக்கத்தில் இருந்தும் எனக்கு ஏன் தொற்றவில்லை?

இன்று காலை கேத்தில் கொதித்து நின்றது. கதிரையை இழுத்து, உங்கள் கதிரைக்கு எதிரே இருந்தேன். தண்ணீர் ஆறும் வரைக்கும் இருந்து, இருந்தே குடித்தேன். ஷிப்டுக்குப் பிந்திவிட்டது. மனேஜர் முகத்தைத் தூக்கிக்கொண்டு நின்றார், நிற்கட்டும்.

இனி இருந்துதான் குடிப்பன், இது சத்தியம். காலமெல்லாம் நான் முன்னால் ஓட, நீங்கள் பின்னால் வந்தீர்கள். ஒரேயொரு தரம் என்னை முந்திவிட்டீர்கள். பரவாயில்லை. நான் ஆறுதலா வாறன்.

உங்கட மனிசி,
அவசரக்காரி றீற்றா