பாரம் இறக்கட்டுமா?

நாள் 41, காலை 08.10
நிலவு, மூன்றாம் நிலையம். ஆள் ஒருவர்: ஜெசிந்தா, கதைப்பொருள் வடிவமைப்பாளர். காற்றழுத்தம் சரி. குடிநீர் 212 லிட்டர்.

இங்கே குடியேறப்போகும் குடும்பங்களுக்காக, கையில் பிடித்துக் கதை கேட்கும் பொருள்கள் செய்கிறேன். முதல் பொருள் முழ நீள மரத்தோணி. சாய்த்தால் கதையில் புயல், நிமிர்த்தினால் கரை. கேட்பவர் ‘ம்’ கொட்டினால்தான் கதை நகரும். அணைக்கப் பொத்தான் கிடையாது. அது தூத்துக்குடித் தரைநிலையத்தில் இருக்கும் என் மேலதிகாரி பால்துரை அண்ணாச்சியின் உத்தரவு. எதிலும் மூக்கை நுழைக்காவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

நாள் 41, 08.50
தோணியைச் சாய்த்தேன். புயல். “பாரம் அதிகம். தண்ணீர்ப் பீப்பாயை இறக்கட்டுமா?” என்று கேட்டது. சரியென்றால் அறையில் விளக்கு மங்க வேண்டும், அவ்வளவுதான். அந்நேரம் பார்த்து அண்ணாச்சி அழைப்பு.

“ஜெசி, ஒரு சேதி, கேக்கியா?”

‘ம்’ என்றேன். குடிநீர்த் தொட்டி திறந்து மொத்தத் தண்ணீரும் வெளியே போய்விட்டது. சேதி அதன் பிறகுதான் வந்தது.

“நேத்து தோணிய நிலையத்துக் கருவி எல்லாத்தோடயும் இணைச்சி விட்டேன். நெசம் மாதிரியே இருக்கும்லா?”

நாள் 41, 09.20
நிமிர்த்தியும் கரை வராமல், “அடுத்து சரக்கறைச் சாமானை இறக்கட்டுமா?” என்கிறது தோணி. ‘வேண்டாம்’ என்று கத்திப் பார்த்தேன். சற்றுப் பொறுத்து மறுபடி கேட்கிறது. குழந்தைகள் பயத்தில் வேண்டாம் என்பார்கள், விடாமல் கேட்டால்தான் சுவை என்று அப்படி அமைத்தது நான். வேலியில் போன ஓணானை மடியில் கட்டிக்கொண்டேன்.

அண்ணாச்சி: “இங்கேருந்து இணைப்ப எடுக்க முடியல, ஜெசி. நாலாம் நிலையத்து வண்டி கெளம்பிட்டு. பதினொன்னரைக்கு வந்துரும். பயப்படாத, என்ன?”

‘ம்’ என்றேன். பழக்கதோஷம். சரக்கறையின் வெளிப்பக்கக் கதவு திறந்தது. விண்ணுடை இரண்டும் போயின. இப்போது இந்த அறையை விட்டால் எனக்குக் காற்று இல்லை.

வாயில் ஒட்டுநாடா ஒட்டிக்கொண்டேன்.

நாள் 41, 10.05
தோணியைச் சுத்தியலால் உடைத்தேன். மரம்தான் உடைந்தது. குரல் சுவர் ஒலிபெருக்கிகளுக்கு மாறிவிட்டது. நிலையத்தோடு இணைத்த புண்ணியவான் வாழ்க.

“இனி ஒரே பாரம். ஓர் ஆள். வெளிக்கதவைத் திறந்து இறக்கட்டுமா?”

பத்து நிமிடத்துக்கு ஒரு முறை கேட்கிறது. நடுவில் கதை சொல்கிறது. நல்ல கதை, அதுதான் கொடுமை. ‘கேட்கும் எவரும் உம் கொட்டாமல் இருக்க முடியாது’ என்று திட்ட அறிக்கையில் எழுதியவள் நான். அதற்குப் பாராட்டுக் கடிதம் தந்தவர் அண்ணாச்சி. இரண்டு பேரையும் செருப்பால் அடிக்க வேண்டும்.

நாள் 41, 10.50
தொண்டைக்குள் ‘ம்’ வந்து வந்து முட்டுகிறது. மூக்கால் மூச்சு விடவே பயம். இதைப் படிப்பவரே, பரிதாபப்பட வேண்டாம். அந்த ஆளை மட்டும் சும்மா விடாதீர்கள்.

நாள் 41, 11.14
சன்னலில் வண்டி தெரிகிறது. புழுதி. கால் மணி நேரம் போதும். சாக எனக்கு மனமில்லை.

11.16
அண்ணாச்சி பேசுகிறார்: “ஜெசி, வண்டிய பாத்தியா?”

கதை சட்டென்று நின்றது. காது கொடுக்கிறது. அவர் குரலும் அதே ஒலிபெருக்கியில்தான் வருகிறது. யார் குரல் என்று பிரித்தறிய நான் அதற்குக் கற்றுத்தரவில்லை. அவர் அழைப்பை இங்கிருந்து துண்டிக்கவும் வழியில்லை. கேள்வி மறுபடி வந்துவிட்டது. இறக்கட்டுமா என்கிறது.

தட்டச்சில் அவருக்கு அனுப்பினேன்: ‘அண்ணாச்சி, வாயே திறக்காதீர்கள். உங்கள் குரலையும் அது கேட்கிறது. ஒரு சத்தம் வரக்கூடாது. புரிந்ததா?’

11.17
பதில் ஒலிபெருக்கியில் வந்தது.

“ம்.”

கதவு