ஈசான்ய மூலையில் வைத்த கலசம்

பூமியைத் தாங்கிய வராகப் பெருமாள் திருவடிகளே துணை.

சிரஞ்சீவி மகனுக்கு அநேக ஆசிகள்.

அனகாபுத்தூர் மனையில் இன்று பூமி பூஜை நடக்கவில்லை. முள் மண்டிக் கிடந்த மனையே நம்முடையது என்று எண்ணி, அதன் ஈசான்ய மூலையில் கலசம் வைத்துவிட்டேன். எதிர்வீட்டு முத்தாலம்மாள் ஓடிவந்தாள்.

"இன்னா சாமி, ஊரான் மனையில பூஜை போட்டுக்கினு கீறே? உன்து அந்த வாழைத்தோப்பு! பாம்பு வருதுன்னு நாந்தான் முள்ளு வெட்டி கன்னு நட்டேன்" என்று சிரித்தாள்.

கலசத்தோடு அங்கே போனேன். ஈர மண்ணில் வாழைகள் குலைதள்ளி நின்றன. 'இது என் பூமி' என்று சங்கல்பம் சொல்ல முயன்றேன்; நா எழவில்லை. பத்திரம் நம் பெயரில்தான் இருக்கிறது. ஆயினும், அனுமதி கொடு தாயே என்று வேண்டினால், 'நீ யார்?' என்று பூமித்தாய் கேட்டுவிடுவாளோ என்று அஞ்சினேன்.

"மெஷின் எப்போ வருது சாமி?" என்றாள் அவள். நான் கலசத்தை எடுத்துக்கொண்டு வீடு திரும்பிவிட்டேன்.

குலை முற்றி அவள் அறுக்கும்வரை மண் தோண்டும் இயந்திரத்தை அனுப்பாதே. ஞாயிறுதோறும் கேளம்பாக்கத்திலிருந்து வந்து, உன் கையால் அந்த மண்ணுக்கு நீர் ஊற்று. அதன் பிறகும் சங்கல்பம் சொல்ல எனக்கு நா எழுமா என்று தெரியவில்லை.

உன் இல்லத்தில் நெல்லும் நீரும் நிறைக. மருமகளும் குழந்தையும் தீர்க்காயுளுடன் வாழ்க.

இப்படிக்கு,
அப்பா