கப்பலுக்குப் போகாத தந்தி

ஜூன் 9, ஞாயிறு. தென்காசி

வெயில். காத்தே இல்ல. பம்பாய் ரயில் அலுப்பு இன்னும் தீரல.

அப்பாகிட்ட மறுபடி கேட்டேன். ஆராய்ச்சிக் கப்பல்ல பொம்பள ஏறணும்னா தகப்பன் சம்மதம் வேணுமாம், ஆபீஸ் விதி. முப்பத்திரண்டு வயசு எனக்கு, டாக்டர் பட்டம் வேற. வெள்ளிக்குள்ள அப்பா தந்தி அடிக்கணும். இல்லைன்னா என் இடம் எனக்குக் கீழ வேலை பாக்கிற பையனுக்கு. அவனுக்குத் தகப்பன் சம்மதம் வேண்டாம். வெக்கக்கேடு.

ஜூன் 10, திங்கள்

வாங்க: சீயக்காய், இங்க், தலைவலித் தைலம்.

சாப்பாட்டுல அப்பா, கடல்ல அப்படி என்னத்தப் பாக்கேன்னு கேட்டார். கடல் மேல்தண்ணிச் சூடு வருஷத்துக்கு வருஷம் மாறுது, அதோட மழையும் மாறுதான்னு பாக்கோம்னேன். அப்ப இந்த வருஷம் குற்றாலம் சீசன் எப்படின்னார். இதுவரை வந்த அளவைப் பாத்தா சுமார்தான், உறுதி இல்ல, கார் நெல்லு பாதி வயல்ல மட்டும் போடுங்கன்னேன். 'உறுதி இல்ல' மட்டும் அவர் காதுல விழல. வெள்ளி வரைக்கும் சாரல் விழாம மக சொன்னது பலிச்சா தந்தி அடிக்கேன்னு கடைத்தெருவுல பந்தயம் வேற கட்டியிருக்கார். என் பிழைப்பு பந்தயமாப் போச்சு.

ஜூன் 13, வியாழன்

விடியும்போதே சாரல். ஆரியங்காவுக் கணவாய்க் காத்து கதவைத் தள்ளுது. துணி ஒண்ணும் காயல. குற்றாலம் மெயின் அருவில வெள்ளம், குளிக்க விடலையாம்.

ஒரு நாள் மழை சீசன் ஆயிருமா? யாருகிட்டப் போய்ச் சொல்ல. எதிர்த்த மளிகைக்கடை அண்ணாச்சி குடையோட வந்து, பம்பாய்க் கடல் வத்திப்போச்சான்னு கேட்டுச் சிரிச்சார். அப்பாவும் கூடச் சேர்ந்து சிரிச்சார். அதான் தாங்கல.

ஜூன் 14, வெள்ளி

போஸ்ட் ஆபீஸ் மூடுற நேரம் வரைக்கும் அப்பா எழுந்திரிக்கல. முன்னால போய் நின்னேன்.

"வீட்டு வாசல் மழையே தெரியல ஒனக்கு. கப்பல்ல போயி என்னத்தக் கிழிக்கப் போற?"

அவர் பேர்ல நானே அடிச்சிருக்கலாம். போஸ்ட் மாஸ்டர் அப்பாவோட படிச்சவர், கண்டுபிடிச்சிருவார். அப்பா வயல் பூராவுக்கும் நாத்துப் பாவச் சொல்லிட்டார்.

ஜூன் 27, வியாழன்

லீவை நீட்டியாச்சு. ஆபீஸ்ல போய் முழிக்கப் பிடிக்கல.

என் இடத்துல போற பையன் கொச்சியில இருந்து கார்டு போட்டிருக்கான், கப்பல் கிளம்புதாம். வாளியில கடல்தண்ணி மொண்டதும் தெர்மாமீட்டரை எவ்வளவு நேரம் வைக்கணும், அக்கா? என்கிட்டயே கேக்கான். பதில் போடல.

சாரல் நின்னுபோச்சு. புழுக்கம். தைலம் தீர்ந்தது.

ஜூலை 8, திங்கள்

கால்வாய்ல சொட்டுத் தண்ணி இல்ல. நாத்து மஞ்சப் பூத்துட்டு. அருவில நூல் மாதிரி விழுதாம். பந்தயத்தைப் பத்தி ஊர்ல ஒருத்தரும் பேசல.

அப்பா வயலுக்குப் போய்ட்டு வந்து சோத்துல கை வைக்கல. என் பக்கத்துல வந்து உக்காந்தார்.

"இனி மழை உண்டாம்மா? பாத்துச் சொல்லு."

"கப்பல்ல போனவன்கிட்ட கேளுங்கப்பா."

தலையைக் குனிஞ்சுக்கிட்டார். அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம்னு அம்மா அழுதா. வேணும்னுதான் சொன்னேன்.