ஒரு சாண் டேப்

கல்லறைக்குள் படுத்துக்கொண்டும் தலையை ஆட்டிக்கொண்டிருக்கும் என் சாமுவுக்கு,

ஓரிக்கைக் கல்லறைத் தோட்டத்தில் உன்னை மண்ணுக்குள் வைத்து எட்டு மாதம் ஆகிறது. இந்த எட்டு மாதத்தில் நான் ஒருமுறைகூட அந்தப் பக்கம் வரவில்லை. கல்லறைத் திருநாளுக்கு உன் மகள் ஜெனி போன் செய்து கூப்பிட்டாள். தறியில் அவசர வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். அன்றைக்கு என் தறி காலியாகத்தான் இருந்தது.

முதலில் நல்ல செய்திகளைச் சொல்லிவிடுகிறேன். பாலாற்றில் இந்த முறை தண்ணீர் வந்தது. நாம் உயிரை விட்டுக் கேட்ட அந்த வெள்ளைக்கார பேண்டின் பாட்டுக்காரர் இந்த வயதிலும் மேடையேறிக் கத்துகிறாராம். தொண்டை போய்விட்டது என்கிறார்கள், ஆனாலும் கூட்டம் அம்முகிறதாம். ஜெனி ஏனாத்தூர் காலேஜில் டிரம்ஸ் வாசிக்கிறாள். அடிக்கும்போது உன்னைப் போலவே உதட்டைக் கடித்துக்கொள்கிறாள்.

இனி கெட்ட செய்தி. அது என்னைப் பற்றியது. முப்பது வருஷமாக உன்னிடம் சொல்லாமல் மென்று விழுங்கிய ஒன்று இருக்கிறது. நீ போன பிறகு அது நெஞ்சிலேயே நின்றுகொண்டு இறங்க மாட்டேன் என்கிறது. இதை என் சென்னை ரசிகர் குழுவின் வாட்ஸப்பிலும் போடப் போகிறேன். ஆகவே மற்றவர்களும் படிப்பார்கள். படிக்கட்டும்.

அந்த கேசட்டை நீ கொண்டுவந்த நாள் நினைவிருக்கிறதா? சென்னையில் ஒரு பெரிய வீட்டுக்கு டைல்ஸ் போடப் போயிருந்தாய். அந்த வீட்டுக்காரர் பழைய சாமான்களோடு தூக்கிப் போட இருந்ததைக் கேட்டு வாங்கி வந்தாய். அட்டையில் முடி வளர்த்த வெள்ளைக்காரர்கள் நான்கு பேர். ஏதோ ஒரு ஊரில் அவர்கள் செய்த கச்சேரியை அப்படியே பதிவு செய்தது. உன் வீட்டில் டேப் ரிக்கார்டர் இல்லை, என் வீட்டில் தறிக்கு மேலே ஆணியில் ஒன்று தொங்கியது. வேலைக்குப் போகிற வழியில் என் கையில் கொடுத்துவிட்டு ஒன்றே ஒன்று சொன்னாய்.

"மச்சான், ஞாயித்துக்கெழம கோயில் முடிச்சிட்டு வரேன். ரெண்டு பேரும் சேந்து கேக்கலாம். அதுவரிக்கும் போடாதடா."

சரி என்றேன். அப்பா நெசவாளர் சொசைட்டிக்குக் கிளம்பியதும், அதே மத்தியானம், போட்டுவிட்டேன்.

மூன்று நாள் பொறுக்க முடியாதா ஒரு மனிதனால்? முடியவில்லை. முதல் பாட்டு தொடங்கியதும் என் கால் தறியில் தானாக மிதித்தது. இரண்டாவது பாட்டின் நடுவில் கிட்டார் தனியாக ஏறிக்கொண்டே போனது. அப்போதுதான் அந்தப் பாழாய்ப்போன மெஷின் டேப்பைத் தின்றது. வெளியே எடுத்தபோது ஒரு சாண் நீளத்துக்குக் கசங்கிச் சுருண்டு கிடந்தது.

இழை அறுந்தால் என்ன செய்வது என்று எனக்குத் தெரியும். அறுந்த முனைகளைச் சேர்த்து முறுக்கினால் சேலையில் இடமே தெரியாது. அந்தக் கையாலேயே இதையும் சரிசெய்துவிடலாம் என்று நினைத்தேன். நூல் நறுக்குகிற கத்தரியால் கசங்கிய ஒரு சாணை வெட்டி எறிந்தேன். இரண்டு முனைகளையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து, என் தங்கையின் ரோஸ் கலர் நகப்பூச்சைத் தடவி ஒட்டினேன். அப்பா பார்த்திருந்தால்கூட, 'சுத்தமான கை' என்றிருப்பார்.

ஞாயிற்றுக்கிழமை நீ வந்தாய். வெள்ளைச் சட்டையோடு தறிப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாய். அந்த இடம் நெருங்கியதும், அறுந்த இழையைத் தேடுவதுபோல் நான் தறியில் குனிந்துகொண்டேன். கிட்டார் ஏறியது, ஏறியது, சட்டென்று நடுவில் எதையோ விட்டுவிட்டு அந்தப் பக்கம் போய் விழுந்தது. நல்லவேளையோ கெட்டவேளையோ, விழுந்த இடத்தில் டிரம்ஸ் அடி சரியாக இருந்தது. தாளம் தப்பவில்லை.

நீ எழுந்தே விட்டாய்.

"டேய்! பாத்தியாடா? ஓடிக்கினே இருக்குது, திடீர்னு ஒரு தாண்டு தாண்டுது! படி எறங்கிக்கினு இருக்கிறவன் நடுவுல நாலு படிய உட்டுட்டு குதிச்சா மாதிரி! எவனுக்குடா இந்த தைரியம் வரும்?"

அப்போது நான் சொல்லியிருக்கலாம். அது அவர்கள் தைரியம் இல்லை மச்சான், என் கத்தரி என்று. நீ ஒரு அறை விட்டிருப்பாய், அதோடு முடிந்திருக்கும். ஆனால் உன் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்துக்கொண்டு, "ஆமாண்டா" என்றேன்.

அந்த 'ஆமாண்டா'வில் முப்பது வருஷம் ஓடிவிட்டது. எத்தனை ஞாயிறுகள்! அந்த இடம் வரும்போதெல்லாம் நீ எழுந்து கையைத் தூக்கி ஒரு குதி குதிப்பாய். நானும் குதித்தேன். கொஞ்ச காலத்தில் எனக்கே அது அவர்கள் வாசித்ததுதான் என்று தோன்ற ஆரம்பித்துவிட்டது. அந்த வேகத்தில் நெய்த சேலையை அப்பா ஒருநாள் விரலால் தடவிப் பார்த்து, "இன்னாடா இது, நாலு வெரக்கடை மட்டும் இம்மாம் இறுக்கமா இருக்குது? யாரயாவது அடிக்கிறதா நெனச்சிக்கினு நெய்ஞ்சியா?" என்று கேட்டார். நாம் இருவரும் வெளியே ஓடிப்போய்ச் சிரித்தோம். யாரோ ஒரு மணப்பெண் அந்தப் பாட்டை இடுப்பில் கட்டிக்கொண்டு தாலி வாங்கியிருப்பாள்.

போனில் எல்லாப் பாட்டும் வந்த பிறகும் நீ அசரவில்லை. அதில் தாண்டு இல்லையே என்று யாராவது கேட்டால், "அது ரூம்புக்குள்ள உக்காந்து வாசிச்சது. நம்மள்து கச்சேரி" என்பாய். அந்தக் குறிப்பிட்ட கச்சேரி எங்கே தேடியும் கிடைக்காது என்று நான் நிம்மதியாக இருந்தேன்.

பிறகு நான் அந்தச் சென்னைக் குழுவில் சேர்ந்தேன். வங்கி அதிகாரி, டாக்டர், கம்ப்யூட்டர் வேலைக்காரர்கள். மாதத்தில் ஒரு ஞாயிறு ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் ஹாலில் கூடிப் பெரிய ஸ்பீக்கரில் கேட்பார்கள். காஞ்சிபுரத்தில் பட்டு நெய்கிறவர் இந்தப் பாட்டைக் கேட்டுக்கொண்டே நெய்கிறார் என்றதும் என்னைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டார்கள். தறியோடு என்னைப் படம் எடுத்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. கேசட் எப்படிக் கிடைத்தது என்று கேட்டபோது, நானே தேடிப் பிடித்து வாங்கியதாகச் சொன்னேன். அந்தக் கதையில் உனக்கு இடமே வைக்கவில்லை, சாமு.

போன வருஷம் ஒரு ஞாயிறு நீதான் நச்சரித்து அந்தக் கூட்டத்துக்கு என்னோடு வந்தாய். அன்றுபோலவே வெள்ளைச் சட்டை. அன்றைக்குப் பார்த்து டாக்டர் ஒரு பெரிய இசைத்தட்டை எடுத்தார். அட்டையில் அதே முடி வளர்த்த நான்கு பேர். அதே கச்சேரி.

உனக்குத் தலைகொள்ளாத பெருமை. எல்லோருக்கும் முன்னால் போய் நின்றாய். "சார், ரெண்டாவது பாட்டுல ஒரு எடம் வரும் பாருங்க. நான் கை தூக்குறேன், அப்ப கவனிங்க" என்றாய். அவர்களும் நிஜமாகவே ஆவலோடு காத்திருந்தார்கள். கிட்டார் ஏறியது. நீ கையைத் தூக்கினாய். குதித்தாய்.

கிட்டார் தாண்டவில்லை. ஒவ்வொரு படியாக, அழகாக, நாலு செகண்டு இறங்கி வந்தது. அந்த நாலு செகண்டை நீயும் நானும் அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டோம். நீ கையை எப்போது இறக்குவது என்று தெரியாமல் நின்றாய்.

முதலில் ஒருவர் சிரித்தார். பிறகு எல்லோரும். "உங்களுக்கு மட்டும் தனியா வாசிச்சாங்களா சார்?" என்று யாரோ கேட்டார். நீ அவர்களைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாய்.

"மச்சான், நீ சொல்லேன்பா. நம்மள்துல இருக்குது இல்ல?"

நான் என்ன சொன்னேன் என்று உனக்குத் தெரியும். ஆனால் நான் எழுத வேண்டும். சிரித்துக்கொண்டே அவர்களிடம் சொன்னேன்: "எங்க வீட்டுக்கு டைல்ஸ் போட்டவரு சார். கொஞ்சம் இப்படித்தான், எதையாவது சொல்லிக்கினு இருப்பாரு."

மச்சான் என்று நீ கூப்பிட்ட சத்தம் அந்த ஹாலில் இன்னும் அடங்கியிருக்கவில்லை. உன்னை 'அவரு' என்றேன். முப்பது வருஷம் என் தறிப் பக்கத்தில் உட்கார்ந்தவனை, வீட்டுக்கு வேலை செய்ய வந்தவன் ஆக்கினேன். சீ, இதை எழுதும்போதே கை கூசுகிறது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் நீ ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாய். ஊருக்குள் நுழையும்போதுதான் கேட்டாய்.

"நெஜமாவே எனக்கு மட்டுந்தான் அப்டி கேக்குதா மச்சான்?"

"உட்றா, அத போயி" என்றேன்.

சாமு, டைல்ஸ் போடுகிறவனுக்குக் காதுதான் எல்லாம். கல்லைப் பதித்துவிட்டு ஒரு தட்டு தட்டுவாய். கீழே சிமெண்ட் பிடிக்காமல் பொக்காக இருந்தால் அந்தச் சத்தத்திலேயே கண்டுபிடித்துப் பெயர்த்துவிடுவாய். ஒரு தட்டு போதும் உனக்கு. அந்தக் காதைத்தான் நான் பொய் என்று சொன்னேன். அதற்குப் பிறகு நீ என் வீட்டுக்கு வரவில்லை. ஆறு மாதத்தில் வாலாஜாபாத்தில் பாதி போட்ட தரையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய் என்று தகவல் வந்தது. உன் பெட்டிக்குத் தோள் கொடுத்தேன். வாய் திறக்கவில்லை.

போன வாரம் ஜெனி வந்தாள். கையில் நம் கேசட், உன் பீரோவில் இருந்ததாம். காலேஜில் யாரிடமோ பழைய டேப் ரிக்கார்டர் இருந்ததாம், போட்டுக் கேட்டிருக்கிறாள். வாசலிலேயே ஆரம்பித்துவிட்டாள்.

"அங்கிள், அப்பா கரெக்ட்! ஜம்ப் இருக்குது! நான் பத்து தடவ கேட்டேன்."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? திருந்தியிருப்பேன் என்று நினைக்கிறாயா? "பழைய கேசட்டுமா, அப்டிதான் எங்கனா தாவும்" என்றேன்.

அவள் உள்ளே வந்து தறிப் பக்கத்தில் உட்கார்ந்தாள். கேசட்டை மடியில் வைத்து, ஓட்டையில் பேனாவை விட்டுச் சுற்றி, டேப்பை மெதுவாக வெளியே இழுத்தாள். ஓரிடத்தில் நிறுத்தி வெளிச்சத்துக்கு நேராகக் காட்டினாள். ரோஸ் கலர், முப்பது வருஷமாகியும் உரியவில்லை.

"இது யாரு அங்கிள் ஒட்டுனது?"

"நான்தாம்மா."

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். மூன்று நாள் பொறுக்காமல் போட்டது, வெட்டியது, ஆமாண்டா என்றது, ஹாலில் சொன்னது. தறிக் குழிக்குள் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னேன்.

"எவ்ளோ நீளம் வெட்டுனீங்க?"

கட்டை விரலையும் சுண்டு விரலையும் விரித்துக் காட்டினேன். அவளும் தன் கையை விரித்துப் பார்த்துக்கொண்டாள்.

"அன்னிக்கு அந்த மீட்டிங் போயிட்டு வந்தப்பறம் அப்பா ஒரு கல்ல மூணு தடவ தட்டுவாரு அங்கிள். அப்பவும் நம்ப மாட்டாரு. கூட வேலை செய்றவங்கள கூப்ட்டு, 'நீ கேளுப்பா, உள்ள பொக்குன்னு இருக்குதா'ன்னு கேப்பாரு. அப்பாக்கு வயசாயிடுச்சின்னு நெனச்சோம். இந்த ஒரு சாணுக்கா?"

மன்னித்துவிடும்மா என்றேன். அவள் டேப்பைப் பத்திரமாக உள்ளே சுற்றிவிட்டு எழுந்தாள்.

"என்கிட்ட கேட்டு இன்னா பிரயோஜனம்? சிரிச்சாங்களே, அவங்ககிட்ட சொல்லுங்க. குரூப்ல டைப் பண்ணி போட்டா போதும்னு நெனைக்காதீங்க. அந்த ஹால்ல, நேர்ல. நானும் வருவேன்."

உன் மகள் என்னைவிட நல்ல கையுள்ளவள். எங்கே வெட்டினால் வலிக்கும் என்று தெரிந்து வெட்டினாள்.

வரும் ஞாயிறு அங்கே போகிறோம். கேசட்டை அவள்தான் எடுத்து வருவாள். என் கையில் தர மாட்டாள், அது நியாயம்தான். முதலில் டாக்டரின் தட்டு, பிறகு நம்முடையது. இரண்டையும் அவர்கள் கேட்கட்டும். முப்பது வருஷம் சரியாகக் கேட்டவன் யார், கேட்டதைப் பொய்யாக்கியவன் யார் என்று நானே எழுந்து நின்று சொல்வேன். அவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும், இந்த முறை சிரிப்புக்கு ஆள் நான். அந்தத் தாண்டு வரும்போது நானும் குதிப்பேன். தறிக் குழியில் உட்கார்ந்து உட்கார்ந்து என் முழங்கால் போய்விட்டது, உன் உயரத்துக்குப் போகாது. கையை மட்டும் இறக்க மாட்டேன்.

ஆனால் பாட்டுக்கு முன்னால் சொல்ல வேண்டிய ஒன்று இருக்கிறது. அன்றைக்கு நீ மச்சான் என்று கூப்பிட்டு நான் கொடுக்காத பதில் அது. "எங்க வீட்டுக்கு டைல்ஸ் போட்டவர்னு சொன்னேனே சார், அவன் பேரு சாமுவேல். அவன் என் மச்சான்" என்று சொல்லிவிட்டுத்தான் கேசட்டைப் போடச் சொல்வேன். அதைச் சொன்ன பிறகு, ஓரிக்கைக்கு வந்து உன் பக்கத்தில் உட்காருவேன். அதுவரை வர எனக்கு முகம் இல்லை.

அந்தச் சொல்லை நீ திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை என்று நம்பிக்கொண்டிருக்கும்,
உன் மச்சான்
ஏகாம்பரம்