மூன்று முறை கட்டிய பூ

இன்று காலை பூஜை அறையில் அரளியின் பச்சை வாடை. அரளிக்கு மணமே கிடையாது என்பார்கள். வாழையிலைத் துண்டில் மடித்துக் கட்டினால் அப்படி ஒரு வாடை எழும். மருமகள் ஒன்றில் சிவப்பும் மற்றதில் வெள்ளையும் வைத்து, இரண்டு பொட்டலங்களை அம்மன் படத்தின் முன் போட்டிருந்தாள். சிவப்பு வந்தால் செய்யலாம், வெள்ளை வந்தால் வேண்டாம்.

நாளை உன் முதல் வருஷத் திதி. நேற்று உன் மகன் நேரில் வந்து அழைத்துவிட்டுப் போனான். நான் போகலாமா என்று கேட்கத்தான் அந்தப் பொட்டலங்கள். எதையும் பூக்கட்டிப் பார்த்தே செய்கிறவள் நான் என்பது மருமகளுக்குத் தெரியும். ஒரு வருஷமாக அதை ஏன் விட்டுவிட்டேன் என்பது தெரியாது.

“எடுங்க அத்தை” என்றாள். நான் எடுக்கவில்லை. அறைக்கு வந்து உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

கான்வென்ட் விடுதியில் நம் கட்டில்களுக்கு நடுவே இருந்த ஜன்னலோரம் அந்தப் பழைய கிரேக்கப் போர்க்கதையைப் படித்தோமே, நினைவிருக்கிறதா? அட்டை கிழிந்த ஆங்கிலப் புத்தகம். பெருவீரன் ஒருவனுக்குச் சபை கொடுத்த பரிசை அரசன் எல்லோர் முன்னிலையிலும் பிடுங்கிக்கொள்கிறான். வீரன் வாளை உருவப் போகும்போது ஒரு தேவதை பின்னால் வந்து அவன் தலைமுடியைப் பிடித்து இழுக்கிறாள். வாள் உறைக்குள் போகிறது. கோபம் போகவில்லை. போரை விட்டுக் கூடாரத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறான்.

நான் அவன் கட்சி. மரியாதை போன இடத்தில் அவன் எதற்காகச் சண்டை போட வேண்டும் என்றேன்.

“ஏட்டி, அவனுக்குக் கொடுத்த பரிசே ஒரு பொம்பளப் பிள்ள. அவ மரியாதைய யாராச்சும் கேட்டாகளா?” என்றாய்.

நான் உன் ஆங்கில உச்சரிப்பில் குறை சொன்னேன். பிற்பாடு அந்த அரசன், தெய்வங்கள்தான் தன் புத்தியைக் கெடுத்தன என்று சொல்லும் இடம் வந்தபோது நீ புத்தகத்தையே மூடிவிட்டுச் சிரித்தாய். “செய்யிறதெல்லாம் செஞ்சிட்டு சாமி தலையில போட்டுட்டான் பாரு, மகராசன்!”

அன்றிலிருந்து நான் யாரோடு சண்டைக்கு எழுந்தாலும் பின்னால் வந்து என் பின்னலைப் பிடித்து இழுப்பாய். சோற்றில் கல் கிடந்ததற்காக வார்டனை நோக்கி நான் எழுந்த அன்று இழுத்த இழுப்பில் கண்ணில் நீரே வந்தது. “பேசாம உக்காரு. ஒனக்குச் சாமி நாந்தான்.”

பிறகு நீ விருதுநகரில் மிளகாய் வத்தல் மண்டிக்காரர் வீட்டுக்கும், நான் சிவகாசியில் காலண்டர் அச்சகத்துக்காரர் வீட்டுக்கும் வாழ்க்கைப்பட்டோம். எங்கள் அச்சகத்தில் அடுக்கி வைத்த சாமி படங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு என் கணவரிடம் சொன்னாய்: “அண்ணாச்சி, மறந்தும் அந்தக் கிரேக்கத்துச் சாமிகளப் போட்டுராதீக. ஒரு சீசன் ஓடாது. அம்புட்டும் வம்பு பிடிச்ச சாமி.” அவர் இருமல் வரும்வரை சிரித்தார்.

அவர் காலமான நாலாம் மாதம் உன் மகனுக்குக் கல்யாணம் வைத்தாய். பத்திரிகை எங்கள் அச்சகத்தில்தான். பிழை திருத்தியது நான். சம்பந்தி வீட்டுப் பெயரில் இரண்டு தப்புகளைத் திருத்தி அனுப்பிவிட்டு, தட்டோடு நீ வரும் நாளுக்காகக் காத்திருந்தேன். நெருங்கியவர்களுக்குக் குங்குமமும் வெற்றிலை பாக்கும் தட்டில் வைத்து நேரில்தானே அழைப்போம்?

உங்கள் மண்டி வேன் டிரைவர் வந்தான். வத்தல் பையை இறக்கி வைத்துவிட்டு அதன்மேல் பத்திரிகையை வைத்தான்.

“அம்மா குடுத்துட்டு வரச் சொன்னாக.”

“வேற என்ன சொன்னாக?”

“வேற ஒண்ணும் சொல்லலம்மா.”

அவர் இருந்தவரை தட்டு. அவர் போனபின் டிரைவர் போதும் என்று ஆகிவிட்டதா? அப்படித்தான் நினைத்தேன். நான் கல்யாணத்துக்கு வரவில்லை. கல்யாணம் முடிந்து நீ தேடி வந்தாய். நான் மாடியில் இருந்துகொண்டு, தூங்குகிறேன் என்று சொல்லச் சொன்னேன்.

“பதினோரு மணிக்குத் தூங்குதாளா? கூடாரத்துக்குள்ள இருக்கேன்னு சொல்லச் சொல்லுங்க” என்று எனக்குக் கேட்கும்படி கீழேயிருந்து சத்தம் போட்டாய். சிரிப்பு வந்தது. ஆனாலும் படி இறங்கவில்லை.

அதன்பின் இரண்டு வருஷம் நாம் பேசவில்லை. ஒருநாள் உன் மகன் போனில் கூப்பிட்டான். “பெரியம்மா, அம்மாவுக்கு ரொம்ப முடியல. ஒங்களப் பாக்கணும்னு சொல்லுதாக.”

முக்கால் மணி நேரப் பயணம். வாசலில் கார் நின்றது. நான் பூக்கட்டச் சொன்னேன்.

கட்டியது எங்கள் வீட்டில் சமைக்கும் மாரியம்மாள். நாரணாபுரத்துப் பட்டாசுக் கம்பெனியில் இருபது வருஷம் திரி செருகிய கை. அவள் மடிப்பில் பிசகு வராது. எடுத்துப் பிரித்தாள்.

“செகப்பு வந்திருச்சும்மா. கெளம்புங்க.”

“சரியாக் கட்டலை. மறுபடி கட்டு.”

மறுபடியும் சிவப்பு. நான் அசையாமல் நின்றேன். அவள் என் முகத்தைப் பார்த்தபடியே மூன்றாம் முறை கட்டினாள். வெள்ளை வந்தது.

“பாத்தியா, அம்மன் வேண்டாங்கிறா” என்றேன்.

“இம்புட்டுத் தடவை கேட்டா அவ என்னம்மா செய்வா? ஒங்க வாயப் பாத்துத்தான் சொல்லுவா.”

நான்காம் நாள் நீ போய்விட்டாய்.

வீரன் கூடாரத்தில் உட்கார்ந்திருந்தபோது அவனுக்குப் பதிலாகப் போருக்குப் போன உயிர்த்தோழன் செத்துப்போகிறான். அந்தப் பக்கத்தை உனக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டியவள் நான். முடிவு தெரிந்த கதைக்குள் நானே நடந்து போயிருக்கிறேன். படித்த படிப்பு கையைப் பிடித்து நிறுத்தவில்லை. அவனுக்காவது கட்டிக்கொண்டு அழ ஓர் உடல் கிடைத்தது. நான் செய்தி கேட்டும் வரவில்லை. எந்த முகத்தோடு வருவது?

நேற்று உன் மகனிடம், கேட்கக்கூடாது என்று வைத்திருந்ததைக் கேட்டுவிட்டேன். பத்திரிகையை ஏன் டிரைவரிடம் கொடுத்து அனுப்பினாள்?

“அம்மா ரெண்டு தடவை தட்ட எடுத்துக்கிட்டு ஒங்க தெரு முக்கு வரைக்கும் வந்தாக, பெரியம்மா. குங்குமத்த நீட்டுனா ஒங்களுக்கு வலிக்கும், நீட்டாட்டி அதவிட வலிக்கும்னு கார்லயே அழுதுட்டுத் திரும்பிட்டாக.”

இரண்டு முறை நீ தெருமுனை வரை வந்தாய். இரண்டு முறை அம்மன் போ என்றாள். யாரிடம் போய் முறையிடுவேன்? அந்த அரசனுக்கு இருந்த சாக்குகூட எனக்கு இல்லை. தெய்வம் என் புத்தியைக் கெடுக்கவில்லை. நான்தான் மூன்றாம் முறை கேட்டு அவள் வாயை மாற்றினேன்.

நாளை வருகிறேன். பூ பார்க்காமல் வருகிறேன். மாலை போட்ட படத்தின் முன் உட்கார்வதைத் தவிர அங்கே நான் செய்வதற்கு ஒன்றும் இல்லை.

இன்று காலை, “எடுங்க அத்தை” என்று மருமகள் இரண்டாம் முறை சொன்னபோது எனக்குச் சுள்ளென்று வந்தது. வாய் திறக்கும் முன் ஒரு கணம் நின்றேன். ஒரு வருஷமாக இப்படித்தான், கோபம் வந்தால் நின்றுவிடுகிறேன். என் பின்னல் இப்போது எலிவால் அளவுக்கு மெலிந்துவிட்டது. அதைப் பிடித்து இழுக்க யாரும் இல்லை. பிடரி மட்டும் காத்துக்கொண்டிருக்கிறது.