ஓரம் சிவந்த பாசியும் நான் சொன்ன பொய்யும்

என் ஜெசிக்கு,

நீ கண்ணை மூடி எட்டு மாதம் ஆகிறது. கோவில்பட்டியில் இன்னும் மழை இல்லை. நம் கல்லூரி ஆய்வகத்துக் குழாயில் வாரம் ஒருமுறைதான் தண்ணீர். உன் நாற்காலியில் யாரையும் உட்கார விடுவதில்லை. திமிர் பிடித்தவள் என்கிறார்கள், சொல்லிவிட்டுப் போகட்டும்.

ஒன்று சொல்ல வேண்டும். விளாத்திகுளம் கண்மாயில் அள்ளிவந்த நீலப்பச்சைப் பாசி ஞாபகமிருக்கிறதா? அந்தச் செல்லில் உட்கருவுக்கு உறை கிடையாது, டி.என்.ஏ. நடுவில் சும்மா கிடக்கும் என்றுதான் புத்தகங்கள் சொல்கின்றன. டி.என்.ஏ. இருக்கும் இடத்தைச் சிவக்க வைக்கும் சாயத்தைப் போட்டோம். நம் ஸ்லைடில் செல்லின் ஓரம்வரை சிவந்திருந்தது. "ஏட்டி, ஓரத்துலயும் இருக்கு பாரு!" என்று குதித்தாயே! அதை வைத்துத்தான் ஆய்வுக் கட்டுரையைத் தொடங்கினாய்.

பாசி கெடாமலிருக்க அதை முதலில் பார்மலினில் ஊறவைத்திருந்தோம். சாயத்துக்கு முன்னால் நீ கேட்டாய்: "பார்மலின் போக நல்லா அலசுனியா?" அலசிட்டேன் என்றேன். பொய், ஜெசி. ஓடுகிற தண்ணீரில் நெடுநேரம் அலச வேண்டியதை ஒரு செம்புத் தண்ணீரில் முடித்துவிட்டேன். தண்ணீரைச் சும்மா ஓடவிட நம் ஊர்க்காரி எவளுக்குக் கை வரும்? ஆனால் பார்மலின் மிச்சமிருந்தாலும் அந்தச் சாயம் சிவக்கும்.

கட்டுரையை முடிக்கலாமென்று போன வாரம் உன் ஸ்லைடுகளை எடுத்தேன். பாசியைச் சுற்றியுள்ள வழவழப்பான பசைகூடச் சிவந்திருந்தது. அங்கே ஏது டி.என்.ஏ.? இரண்டு கேன் தண்ணீர் வாங்கி, ஒழுங்காக அலசி, மறுபடி செய்தேன். ஓரத்தில் சிவப்பே இல்லை, நடுவில் மட்டும்தான். டி.என்.ஏ.வைக் கரைக்கும் நொதியை இன்னொரு ஸ்லைடில் விட்டேன். அந்த நடுச்சிவப்பும் போய்விட்டது. அப்படியென்றால் நடுவில் இருப்பதுதான் டி.என்.ஏ.

உன் அம்மாவிடம் போய்ச் சொன்னேன். "எம்புள்ள கண்டுபிடிச்சதப் பொய்யின்னா சொல்லுத? அவ இல்லாத நேரத்துலயா?"

"அவ சரியாத்தான் பாத்தா பெரியம்மா. நாந்தான் அவகிட்ட பொய் சொன்னேன்."

"எனக்கு உம்மேல கோவம் தீராதுட்டி" என்றார்கள். தீர வேண்டாம் என்றுதான் நானும் நினைத்தேன்.

பழைய கட்டுரையையே அனுப்பினால் யாருக்குத் தெரியப் போகிறது என்று துறையில் ஒருவர் கேட்டார். எனக்குத் தெரியுமே!

திங்கட்கிழமை புதிய கட்டுரை போகும். உன் பெயர் முதலில், என் பெயர் அடுத்து. பழைய ஸ்லைடில் ஓரம் ஏன் சிவந்தது, சரியாக அலசாதது யார் என்றும் எழுதுவேன். அந்த வரியில் என் பெயர் மட்டும்தான் இருக்கும். இது சத்தியம்.

கூடப் பிறக்காத உன் தங்கை,
செல்வி